எலுமிச்சையும் மரமும் கலந்த சென்ட்: நம்ம ஊர் வெயிலுக்கு நிற்குமா?

கோரைப்புல் · ஞாயிறு, இரவு 9.40

ஆறு மாதமாக இங்கே வாசிப்பதோடு சரி. இதுதான் முதல் இழை, தப்பிருந்தால் சொல்லுங்கள்.

ஊர் பத்தமடை, வேலை திருநெல்வேலி வண்ணார்பேட்டை. தினமும் பேருந்து. என்னிடம் இதுவரை இருந்த சென்ட் எல்லாம் தித்திப்பு ரகம். வெண்ணிலா, தேன், அந்த மாதிரி. மார்கழியில் பரவாயில்லை. இந்த வெயிலில் அதை அடித்துக்கொண்டு பேருந்தில் ஏறினால், அல்வா கிண்டுகிற சட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்த மாதிரி இருக்கும், எனக்கும் பக்கத்து சீட்காரருக்கும். அதனால் புளிப்புப் பழ மணமும் மர மணமும் சேர்ந்த ஒன்றை, நானும் வீட்டில் அவளும் பொதுவாகப் போட்டுக்கொள்கிற மாதிரித் தேடினேன். எர்மெஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் 'உன் ஜார்தான் சூர் லெ நீல்' 5 மி.லி. மட்டும், பிரித்து விற்கிற ஒருவரிடம் வாங்கினேன். நைல் மேல் ஒரு தோட்டம் என்று அர்த்தமாம். 2005-இல் வந்தது, செய்தவர் ழான்-குளோத் எல்லெனா. ஆண், பெண் என்று பிரிக்காத சரக்கு.

மூன்று நாள் போட்டுப் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள் காலை 7.10-க்கு இரண்டு மணிக்கட்டிலும் கழுத்திலும் ஒவ்வொரு அடி. முதல் மூச்சிலேயே பச்சை மாங்காய். பழுத்தது இல்லை, உப்பு மிளகாய்த்தூள் போட்டதும் இல்லை. காம்பைக் கிள்ளினால் பால் வடியுமே, அந்த வாடை வரைக்கும் இருந்தது. கூடவே பம்பளிமாஸ் தோலை உரித்த மாதிரி ஒரு கசப்பு. பேருந்து ஏறும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அவ்வளவு நன்றாக இருந்தது. மேலப்பாளையம் வருவதற்குள் மாங்காயைக் காணோம்.

இரண்டாம் நாள் நாலு அடி அடித்தேன். அதே கதை. பதினொரு மணிக்கு மணிக்கட்டை மூக்கில் வைத்துத் தேய்க்காத குறை, ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் பக்கத்து மேசை அக்கா, "என்ன தம்பி, நனைஞ்ச மரம் மாதிரி வாசனை வருது" என்றார்.

மூன்றாம் நாள் அவள் போட்டுக்கொண்டாள், கையில் ஓர் அடி, பருத்திச் சேலை முந்தானையில் ஓர் அடி. அவள் முந்தானையில் மதியச் சாப்பாடு வரைக்கும் மாங்காய் நின்றது!

எனக்கு வந்தது போலியா? என் தோல்தான் சரியில்லையா? முழுக் குப்பி வாங்கலாமா?


ஆடிக்காற்று · ஞாயிறு, இரவு 10.05

எலுமிச்சை வாசனைக்கு இம்புட்டுப் பணமாவே? புளியங்குடிப் பக்கம் வாரும், மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. நாலு பழத்தை நறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறும். ஆணும் போடலாம், பெண்ணும் போடலாம், மதியம் பிழிந்து குடிக்கவும் செய்யலாம்.


வெயில்மணி · ஞாயிறு, இரவு 10.50

ஆடிக்காற்று கிண்டல் செய்தாலும் பதில் அதே எலுமிச்சையில்தான் இருக்கிறது.

எலுமிச்சை, ஆரஞ்சு, பம்பளிமாஸ் எதன் தோலை நசுக்கினாலும் பீய்ச்சி அடிக்கிற எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன். பத்துக் கரிம (கார்பன்) அணு கொண்ட சின்ன மூலக்கூறு, லேசானது, சூடு பட்டால் நிற்காமல் பறந்துவிடும். சந்தனத்தில் இருக்கிற சாண்டலால் பதினைந்து கரிமம். வெட்டிவேர் எண்ணெயில் இருப்பவையும் பெரும்பாலும் அந்த எடைதான். கனமானவை மெதுவாகத்தான் எழுந்திருக்கும். ஆகவே எந்த எலுமிச்சை-மர சென்ட்டை வாங்கினாலும் நீங்கள் வாங்குவது இரண்டு சென்ட். ஒன்று அரை மணி நேரத்துக்கு, மற்றொன்று அதற்கப்புறம் மாலை வரைக்கும். கடையில் மூக்கில் ஏறுவது முதலாவது. நீங்கள் உண்மையில் கூடவே வாழப் போவது இரண்டாவதோடு.

பாரிஸில் இருபது டிகிரியில் முக்கால் மணி நேரம் நிற்கிறது என்று எவராவது எழுதினால், அதை நம்ம ஊர் முப்பத்தெட்டு டிகிரியில், சன்னலோரச் சீட்டில், காற்றடிக்கிற பேருந்தில் எதிர்பார்க்கக் கூடாது. போலி என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. போலிகள் வழக்கமாக முதல் ஐந்து நிமிடத்தை நன்றாகவே செய்வார்கள், மாட்டிக்கொள்வது அடியில் இருக்கிற வாசனையில்தான். உங்களுடையதில் நனைந்த மரம் பதினொரு மணி வரை இருந்திருக்கிறது.

துணியில் நின்றதற்கும் காரணம் அதேதான். துணிக்கு உடம்புச் சூடு கிடையாது, வேர்வை கிடையாது.

பதினொரு மணிக்கு உங்களுக்குத் தெரியாமல் அக்காவுக்குத் தெரிந்ததே, அதில் பயப்பட ஒன்றுமில்லை. விடாமல் ஒரே வாசனை வந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை விட்டுவிடும். அதோடு இன்றைய மர வாசனைகளில் ஐசோ ஈ சூப்பர் என்று ஒரு சரக்கு நிறையப் புழங்குகிறது. 1970-களில் வந்த செயற்கைப் பொருள், தேவதாரு மாதிரி மெல்லிய மணம். அது சிலர் மூக்கில் விழவே விழாது, சிலருக்கு வந்து வந்து போகும். உங்கள் குப்பியில் அது இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. பொதுவாக மர வாசனையைச் சோதிக்கும்போது தன் மூக்கை மட்டும் நம்பாமல் பக்கத்தில் இருப்பவரையும் கேட்டுவிட வேண்டும்.


மேலப்பாளையத்தார் · திங்கள், காலை 6.15

தம்பி கோரைப்புல், எங்கள் வாப்பா காலத்திலிருந்து அத்தர் வியாபாரம் பார்த்த வீடு. இப்போது கடை இல்லை, மூக்கு மட்டும் மிச்சம்.

நீங்கள் அடிப்பது சாராயத்தில் கரைத்தது. அடித்ததும் சாராயம் எழும்பும்போது லேசான வாசனைகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். அத்தரில் சாராயம் இல்லை. உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் செப்புப் பானையில் வேரையோ பூவையோ வேக வைத்து, ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். சந்தனம் பிடித்துக்கொண்டால் விடாது. இன்று சந்தன எண்ணெய் விற்கிற விலைக்குப் பலர் பாரஃபின் எண்ணெயில்தான் இறக்குகிறார்கள். அதைச் சந்தன அத்தர் என்றே விற்பதும் உண்டு, பார்த்து வாங்க வேண்டும்.

எலுமிச்சையை அத்தராக்கி நான் பெரிதாகப் பார்த்ததில்லை. அது நிற்காத சாதி. வாப்பா ஒன்று சொல்வார்: "பழ வாசனை விருந்தாளி, வேர் வாசனை வீட்டாள்."

ஒரு யோசனை. குளித்துத் துவட்டியதும் தோல் வறண்டு போவதற்குள், வாசனை இல்லாத ஏதாவது எண்ணெய்ப் பசையை மணிக்கட்டில் துளி தடவிவிட்டு அதன் மேல் அடியுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், அதற்கே ஒரு வாசனை உண்டு. இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தேய்க்கிற பழக்கத்தையும் விடுங்கள். சூடேறி, போகிறதை இன்னும் சீக்கிரம் விரட்டுவதுதான் மிச்சம்.

அப்புறம் ஆண் சென்ட், பெண் சென்ட் என்பதெல்லாம் அட்டைப்பெட்டிக்காரன் செய்த வேலை. எங்கள் கடைக்கு வந்தவர்கள் நிறம் பார்த்து வாங்கியதில்லை. கஸ் என்கிற வெட்டிவேர் அத்தரை மாப்பிள்ளையும் வாங்குவார், பெண் வீட்டாரும் வாங்குவார்கள்.


பிச்சிப்பூ · திங்கள், காலை 8.30

மேலப்பாளையத்தார் அய்யா சொன்னதற்கு ஒரு கும்பிடு.

பெரிய கடைகளில் பெண்கள் பக்கம் என்று என்னை ஒதுக்குகிற மூலையில் எல்லாம் ஒன்று பூ, இல்லை மிட்டாய். மர வாசனை கேட்டால், "அது ஜென்ட்ஸ் மேடம்" என்பார்கள். 1994-இல் கால்வின் கிளைன் நிறுவனம் 'சிகே ஒன்' சென்ட்டைக் கொண்டு வந்தபோது யூனிசெக்ஸ், அதாவது இருபாலருக்கும் பொது, என்று சொன்னதே உலகத்துக்குப் புதுமையாக இருந்ததாம். நம் கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் வைத்துக்கொண்டு நிற்பவர்கள், ஆணுக்கு ஒரு கிண்ணம் பெண்ணுக்கு ஒரு கிண்ணம் என்றா வைத்திருக்கிறார்கள்?

ஆனால் யாரும் சொல்லாத சிக்கல் ஒன்று இருக்கிறது: தலையில் பூ. நான் போன வருடம் இதே நைல் சென்ட்டைப் போட்டுக்கொண்டு, கொண்டையில் இரண்டு முழம் பிச்சியும் வைத்துக்கொண்டு ஒரு சடங்கு வீட்டுக்குப் போனேன். மாங்காய் இருக்கிற வரை சண்டை இல்லை. மாங்காய் போன பிறகு அடியில் இருக்கிற ஈர வாசனையும் பிச்சியும் சேர்ந்து, நேற்றுப் பூஜைப் பூவைத் தண்ணீரிலேயே விட்டுவைத்த மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்த மதினி மூக்கைச் சுளித்துக்கொண்டு பூவைத்தான் சந்தேகப்பட்டாள், பாவம் பூக்காரி. மல்லிகையோ பிச்சியோ வைக்கிற அன்றைக்கு எனக்குச் சென்ட்டே கிடையாது. மருக்கொழுந்து வைத்தால் பரவாயில்லை, அது பச்சையோடு பச்சையாகப் போய்விடுகிறது.


பொருநை (நெறியாளர்) · திங்கள், காலை 11.20

இழை நன்றாகப் போகிறது. விற்பவர் பெயர், விலைப் பேரம் இங்கே வேண்டாம், அதற்குத் தனி இழை இருக்கிறது.

ஒரு சின்னக் குறுக்கீடு, எனக்குச் சொல் பித்து. பிரெஞ்சுக்காரர்கள் குப்பி மேல் எழுதுகிற 'வெட்டிவேர்' நம்முடைய சொல்லேதான். வெட்டி எடுக்கிற வேர். தமிழிலிருந்து பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் போனது. ஆரஞ்சு என்ற சொல்லையும் பின்னோக்கிப் பிடித்துப் போனால் பாரசீகம், சமஸ்கிருதத்து நாரங்கம் என்று வந்து, அதற்கும் பின்னால் ஒரு திராவிட வேரில் நிற்கும் என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். நம் நாரத்தையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆகமொத்தம் எலுமிச்சை-மரக் குப்பியில் பாதி லேபிள் நம் கொல்லையில் எழுதியது.


ஆடிக்காற்று · திங்கள், காலை 11.32

> பாதி லேபிள் நம் கொல்லையில் எழுதியது

அப்போ பாதி விலைக்குத் தரச் சொல்லும் அண்ணாச்சி.


கோரைப்புல் · திங்கள், இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி. வெயில்மணி சொன்ன 'இரண்டு சென்ட்' கணக்கு மண்டையில் ஏறிவிட்டது. இன்றைக்கு வேண்டுமென்றே முதல் ஒரு மணி நேரத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

நடந்ததைக் கேளுங்கள். காலை ஏழுக்கு மேலப்பாளையத்தார் சொன்னபடி துளி பசை தடவி முழங்கை மடிப்பில் ஓர் அடி, சட்டைக் காலரின் உட்பக்கம் ஓர் அடி. மாலை ஆறரைக்கு வீடு திரும்பி அம்மாவிடம் காப்பி டம்ளரை வாங்கினேன். அம்மா பாய் முடைகிற வீட்டில் பிறந்து வளர்ந்தவள், இப்போது கண் தெரியாததால் விட்டுவிட்டாள். டம்ளரைக் கொடுத்த கையோடு என் முழங்கையைப் பிடித்து மோந்து பார்த்துவிட்டு, "ஏல, கோரை ஊறப்போட்டிருக்கிற எடத்துக்குப் போனியா?" என்றாள். இல்லை என்றேன். நம்பவில்லை. "ஆத்துல கெடந்த கோரைய மொத நாள் வெயில்ல போட்டா வருமே, அந்த வாசம்லா இது."

அதற்கப்புறம்தான் அந்த நிறுவனம் சென்ட்டைப் பற்றிச் சொல்லியிருப்பதைத் தேடினேன். பச்சை மாங்காய், தாமரை, சாம்பிராணி வகைத் தூபம், அத்தி இனத்து மரம், கூடவே மணமுள்ள நாணல்! எகிப்தில் அஸ்வான் ஊரில் நைல் கரையில் நடந்துவிட்டு எழுதிய வாசனை. அங்கே ஆற்றோரம் நாணல், இங்கே தாமிரபரணி ஓரம் கோரை. அம்மாவுக்கு அஸ்வானும் தெரியாது, எல்லெனாவும் தெரியாது. மூக்கு போய்ச் சரியான இடத்தில் நின்றுவிட்டது.

எனக்கு இன்னொன்றும் புரிந்தது. நான் மாங்காய்க்காக வாங்கினேன். மாங்காய் போனதும் 'போய்விட்டது' என்றே தேடிக்கொண்டிருந்ததால் அடியில் இருந்த கோரையை மூன்று நாளும் கவனிக்கவேயில்லை.


குற்றாலச்சாரல் · திங்கள், இரவு 10.02

புதியவன். காப்பிக்கொட்டையை மோந்து பார்த்தால் மூக்கு மறுபடி சரியாகும் என்கிறார்களே, உண்மையா?


வெயில்மணி · திங்கள், இரவு 10.10

கடைக்காரர்களின் சடங்கு. வெளியே வந்து சும்மா நாலு மூச்சு இழுத்தாலும் அதே பலன்தான். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் மோந்து பார்க்காமல் இருப்பது அதைவிட நல்லது.


ஆடிக்காற்று · புதன், மாலை 5.48

சிரிக்க மாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டுப் படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் அடித்த கிண்டலை நானே நம்பிவிட்டேன். திங்கள் காலை எலுமிச்சைத் தோலைக் கசக்கி, மண்பானைத் தண்ணீரில் கிடந்த வெட்டிவேரை எடுத்துக் கூடவே இடித்து, சாற்றைக் கழுத்திலும் இரண்டு கையிலும் நன்றாகத் தேய்த்துக்கொண்டேன். வாசனை? உண்மையைச் சொல்கிறேன், கோரைப்புல் காசு கொடுத்து வாங்கியதைவிட முதல் பத்து நிமிடம் பிரமாதம். அப்படியே கிளம்பி, வெயிலில் வயலில் மருந்தடிப்பு மேற்பார்வை, மதியம் ஒரு மணி வரை.

செவ்வாய் இரவு எரிய ஆரம்பித்தது. இன்று காலை பார்த்தால் கையில் நெருப்புப் பட்ட மாதிரி சிவப்பு, விரல் இழுத்த தடம் தடமாக. கழுத்தில் ஒரு கோடு வழிந்து இறங்கியிருக்கிறது. என் சம்சாரம் கேட்கிறாள், "ஒம்ம யாரு பெரம்பால அடிச்சா?"


வெயில்மணி · புதன், மாலை 6.20

சிரிக்கவில்லை. முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள், அந்த இடத்தில் வெயில் படாமல் முழுக்கைச் சட்டை போடுங்கள்.

நடந்தது இதுதான். எலுமிச்சை, அதே இனத்துப் பெர்கமாட் பழம் போன்றவற்றின் தோலில் ஃபியூரனோகூமரின் என்ற வகைப் பொருட்கள் இருக்கின்றன. சும்மா இருந்தால் ஒன்றும் செய்யாது. அது தோலில் இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் சுட்டுவிடும். உடனே தெரியாது, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத்தான் எரியும். சிவப்பு அடங்கிய பிறகு கருப்புத் தடம் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் கிடக்கும். வெளிநாட்டில் கடற்கரையில் உட்கார்ந்து எலுமிச்சை பிழிந்து குடிக்கிறவர்களுக்கு விரலில் இது வருவது வழக்கமான கதை.

சென்ட் செய்கிறவர்கள் இதற்காகவே அந்தப் பொருளை நீக்கிய பெர்கமாட் எண்ணெயையோ, பிழிந்து எடுக்காமல் வடித்து எடுத்த எலுமிச்சை எண்ணெயையோ சேர்க்கிறார்கள். தோலில் தங்குகிற பொருளுக்கு அளவுக் கட்டுப்பாடும் உண்டு. நீர் கேட்ட 'இம்புட்டுப் பணம்' எங்கே போகிறது என்பதற்கு ஒரு பகுதி விடை இது. முழு விடை இல்லை, மீதி குப்பிக்கும் பேருக்கும் போகிறது.


மேலப்பாளையத்தார் · புதன், இரவு 8.40

தம்பி ஆடிக்காற்று, சுகமாகட்டும். வெட்டிவேர் மேல் பழி இல்லை, அதைத் திரும்பப் பானையில் போடுங்கள். உங்கள் சாற்றில் அதன் வாசனை பெரிதாக வந்திருக்கவும் வாய்ப்பில்லை. அது இடித்தால் இறங்குகிற வேரா? அடுப்பில் ஒரு நாள் முழுக்க வைத்தாலும் மனசு வந்து கொஞ்சம்தான் விடும்.


பிச்சிப்பூ · வியாழன், காலை 7.55

ஆடிக்காற்று அண்ணன் நலமா? சிரித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன், மன்னிக்கவும்.

கோரைப்புல், முழுக் குப்பி கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. என் பதில்: இப்போது வேண்டாம். ஓர் அடிக்குச் சுமார் 0.1 மி.லி. போகும். 5 மி.லி.-யில் ஐம்பது அடி. இரண்டு பேரும் தினம் இரண்டிரண்டு என்று போட்டாலும் பன்னிரண்டு நாள் ஓடும். அதற்குள் ஆனி பிறந்து செங்கோட்டைப் பக்கத்துக் காற்று இறங்கிவிடும். அந்தக் காற்றில் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். எனக்கு மே மாதத்தில் பிடித்துப்போய் ஆடியில் ஒன்றுமே தெரியாமல் போன குப்பிகள் மூன்று அலமாரியில் நிற்கின்றன. அப்புறம் குப்பியைச் சன்னலோரத்திலோ வண்டிப் பெட்டியிலோ வைக்காதீர்கள். எலுமிச்சை ரகம் வெயிலிலும் காற்றிலும் சீக்கிரம் கெட்டு, தரை துடைக்கிற திரவம் மாதிரி ஆகிவிடும். பீரோவுக்குள், இருட்டில்.


கோரைப்புல் · சனி, இரவு 9.30

பீரோவுக்குள் வைத்தேன். இன்று தேடினால் இல்லை. அம்மா எடுத்து, தான் கல்யாணத்துக்குக் கொண்டு வந்த பட்டுப்பாயை (மெல்லிய கோரைப் பாய்) மடித்து வைத்திருக்கிற பெட்டியில் இரண்டு அடி அடித்து மூடி வைத்திருக்கிறாள். "இதுல வாசம் போயி முப்பது வருசமாச்சு" என்றாள். எனக்குக் கோபப்படவும் தெரியவில்லை. வீட்டில் எல்லாரும் போட்டதுபோக இன்னும் அரைக் குப்பிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்.

முழுக் குப்பியை ஒருவராக வாங்குவதைவிட 100 மி.லி. வாங்கி ஐந்து பேர் ஆளுக்கு 20 என்று பிரித்துக்கொள்ளலாமா? ஆடி முடிந்ததும் பார்ப்போம். நான், வெயில்மணி, பிச்சிப்பூ அக்கா வந்தால் மூன்று.


ஆடிக்காற்று · சனி, இரவு 9.41

நாலு. கழுத்துக் கோடு இன்னும் போகவில்லை, சட்டைக் காலரில்தான் அடிப்பேன்.


மேலப்பாளையத்தார் · ஞாயிறு, காலை 6.05

ஐந்து. எனக்கு 20 வேண்டாம், 5 போதும், மிச்சத்தை அந்தத் தாயாருக்குக் கொடுங்கள்.


வெயில்மணி · ஞாயிறு, காலை 9.12

பிரிக்கிற அளவுக்குழாயும் சின்னக் குப்பிகளும் என் பொறுப்பு. ஆவணி முதல் ஞாயிறு, காலை பத்து மணி, பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம் வாசல். பிச்சிப்பூ, அன்றைக்கு மட்டும் பூ வைக்காமல் வாருங்கள்.